ஆப் நல்லா இருக்கு... அதுக்காக பங்கையும் வாங்கணுமா?

காமர்ஸ் படிக்கும் பசங்களைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். ஒன்று, "சி.ஏ. பண்றியா கண்ணு?" இரண்டு, "ஏங்கண்ணு, இந்த சொமேட்டோ ஷேர் வாங்கலாமா? விலை ஓவரா இருக்குதா?"

முதல் கேள்விக்காவது ஆமாம், இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஊரில் கிடைக்கும் பதில்கள் இருக்கிறதே... அப்பப்பா!

"ஊர்ல எல்லாரும் அதுலதானுங்க ஆர்டர் பண்றாங்க. கண்ணை மூடிட்டு வாங்குங்க."

"76 ரூபாதானுங்க, சீப்பு."

"அமேசான் கூட நஷ்டத்துலதாங்க ஆரம்பிச்சது."

"நஷ்டக் கம்பெனிங்க அது. பக்கத்துலயே போகாதீங்க."

இந்த நாலு பதிலும் தப்பு. மூன்று பதில் வாங்கச் சொல்கிறது, ஒன்று வேண்டாம் என்கிறது. ஆனாலும் நாலும் தப்பாவது ஒரே காரணத்தால்தான். எதிலுமே கேட்கிற விலைக்கும் நடக்கிற வியாபாரத்துக்கும் முடிச்சுப் போடும் கணக்கு கிடையாது. கணக்கு இல்லாமல் "விலை அதிகம்" என்று சொல்வதும் "விலை கம்மி" என்று சொல்வதும் டீக்கடைப் பேச்சு. பேசலாம், தப்பில்லை. ஆனால் அதை நம்பி சீட்டுப் பணத்தைப் போடக்கூடாது.

சரி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் உக்கடம் கணக்கு

உக்கடத்தில் பழைய புத்தகக் கடைக்குப் போகிற எந்தப் பையனும் "இது நல்ல புக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காசை நீட்டுவதில்லை. எந்த வருஷத்துப் பதிப்பு, சிலபஸ் மாறிவிட்டதா, நடுவில் பக்கம் கிழிந்திருக்கிறதா, செமஸ்டர் முடிந்து திருப்பிக் கொடுத்தால் எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வார்கள்... இத்தனையும் பார்த்துத்தான் 250 சொல்லும் காஸ்ட் அக்கவுண்டிங்கை 120-க்கு இறக்குகிறான். புத்தகம் நல்ல புத்தகம் என்பது வேறு. அதற்கு 250 கொடுக்கலாமா என்பது வேறு. இந்த வித்தியாசம் 120 ரூபாய் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. 50 ஆயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கும்போது மட்டும் மறந்துபோகிறது!

இன்னொரு உதாரணம். உக்கடத்தில் ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் செலவும் போக வருஷம் 10 லட்சம் லாபம். கடைக்காரர் கடையை 1 கோடிக்குத் தருகிறேன் என்கிறார். போட்ட பணம் பத்து வருஷத்தில் திரும்பும். யோசிக்கலாம். அதே கடைக்கு 3 கோடி கேட்டால்? முப்பது வருஷம். "அதெப்படிங்க முப்பது வருஷம் காத்திருக்க முடியும்?" என்று கேட்பீர்கள். அதற்கு அவர், "இல்லீங்க, அடுத்த வருஷம் குனியமுத்தூர்ல ஒரு கிளை, போத்தனூர்ல ஒரு கிளை போடப் போறோம், லாபம் மூணு மடங்கு ஆகும்" என்பார். உடனே உங்கள் அடுத்த கேள்வி வரும். கிளை போடக் காசு யார் போடுவது? அங்கே ஏற்கெனவே இருக்கும் கடைகள் சும்மா இருக்குமா?

அவ்வளவுதான். பங்கு மதிப்பீடு என்று தடிதடியாகப் புத்தகம் எழுதியிருப்பதன் சாரம் இந்த உரையாடலில் முடிந்துவிட்டது. இன்டர்நெட் கம்பெனி என்றவுடன் இந்தக் கேள்விகளைக் கேட்க வெட்கப்படுகிறோமே, அதுதான் பிரச்சினை.

"76 ரூபாதானே, சீப்பு!"

2021 ஜூலையில் சொமேட்டோ ஐ.பி.ஓ. வந்தது. விலை 76 ரூபாய். மொத்தம் 9,375 கோடி திரட்டினார்கள். "ரெண்டு டீ, ரெண்டு பஜ்ஜி விலைக்கு ஒரு ஷேர்" என்று நிறையப் பேர் குஷியானார்கள்.

இப்போது சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியைப் பாருங்கள். 2023 ஜூன் மாதம் அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுதான். "அய்யோ, ஒரு ஷேர் ஒரு லட்சமா!" என்று ஊரே வாயைப் பிளந்தது.

இப்போது பெருக்கிப் பார்க்கலாம். எம்.ஆர்.எஃப்.-இல் இருப்பது சுமார் 42 லட்சம் பங்குகள். பங்குக்கு 1 லட்சம் என்றால் மொத்தக் கம்பெனியின் விலை சுமார் 42 ஆயிரம் கோடி. ஐ.பி.ஓ. முடிந்தபோது சொமேட்டோவில் சுமார் 784 கோடி பங்குகள். பங்குக்கு 76 என்றால் கம்பெனியின் விலை சுமார் 60 ஆயிரம் கோடி.

அதாவது 76 ரூபாய்ப் பங்கு உள்ள கம்பெனி, 1 லட்ச ரூபாய்ப் பங்கு உள்ள கம்பெனியை விட விலை கூடுதல்! 2022-23-இல் டயர் விற்று 700 கோடிக்கு மேல் லாபம் பார்த்த கம்பெனி ஒரு பக்கம். 2020-21-இல் சுமார் 1,994 கோடி வருவாயும் 816 கோடி நஷ்டமும் காட்டிய கம்பெனி மறுபக்கம். இதில் எது சீப்பு?

பங்கு ஒன்றின் விலை என்பது கேக்கை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். கேக் எவ்வளவு பெரிது, முழுக் கேக்குக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

"எல்லாரும் யூஸ் பண்றாங்க!"

இதற்கு பேடிஎம்மை விட நல்ல பாடம் கிடைக்காது. உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து டவுன்ஹால் பூக்கடை வரை கியூ.ஆர். ஸ்டிக்கர் இல்லாத கடை உண்டா? பணமதிப்பிழப்புக்குப் பிறகு பேடிஎம் என்பது ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 2021 நவம்பரில் 2,150 ரூபாய் விலையில் 18,300 கோடிக்கு ஐ.பி.ஓ. வந்தது. அன்றைக்கு இந்திய வரலாற்றிலேயே பெரிய ஐ.பி.ஓ. அதுதான்.

நவம்பர் 18 அன்று பட்டியலிடப்பட்டது. முதல் நாளே 27 சதவீதம் அடி. 1,560 சொச்சத்தில் முடிந்தது. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. அந்த வருஷம் மே மாதம் விலை 310 வரை போனது. பிறகு மீண்டு ஆயிரத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் 2025 முடியும்வரை 2,150-ஐ ஒருநாளும் பார்க்கவில்லை.

ஏன்? மக்கள் பயன்படுத்தவில்லையா? பயன்படுத்தினார்கள். ஆனால் பயன்பாடு வேறு, வருமானம் வேறு. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது. மீன் மார்க்கெட்டில் கிலோ வஞ்சிரத்துக்கு யு.பி.ஐ.யில் ஸ்கேன் பண்ணும்போது கடைக்காரரிடமிருந்து கம்பெனிக்குக் கமிஷனாக வருவது பூஜ்ஜியம். "டிங்" என்று சத்தம் போடும் பெட்டிக்கு மாத வாடகை, வியாபாரிகளுக்குக் கடன் ஏற்பாடு செய்து தரும் கமிஷன், அரசு தரும் ஊக்கத்தொகை... இப்படிச் சுற்றித்தான் காசு வரவேண்டும். ஸ்டிக்கரை எண்ணியவர்கள், ஒரு ஸ்டிக்கருக்கு வருஷம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த 18,300 கோடியில் கம்பெனியின் கையில் போனது 8,300 கோடிதான். மீதி 10 ஆயிரம் கோடி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்று எடுத்துக்கொண்டது. உள்ளே பல வருஷம் இருந்து எல்லாக் கணக்கையும் பார்த்தவர்கள் விற்கிறார்கள். ஆப்பை மட்டும் பார்த்தவர்கள் வாங்குகிறார்கள். மாட்டுச்சந்தையில் மாட்டை வளர்த்தவரே அவசரமாக விற்கிறார் என்றால் நம் ஊர்க்காரர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விடுவாரா?

"அமேசானும் நஷ்டத்துலதான்..."

சலிக்காமல் வரும் வாதம் இது. முழுக் கதையைச் சொல்லலாமா?

அமேசான் 1997-இல் பட்டியலிடப்பட்டது. 1999 டிசம்பரில் உச்சம். அங்கிருந்து 2001-க்குள் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆனது. கவனியுங்கள்... உலகத்தின் மிகச் சிறந்த இன்டர்நெட் கம்பெனியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவருக்கே, விலையைப் பார்க்காமல் வாங்கியதால் பத்து வருஷம் போனது. அதே 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பட்டியலான பெட்ஸ்.காம் நவம்பரிலேயே கடையைச் சாத்தியது. "பெட்ஸ்.காம் கூட நஷ்டத்துலதான் ஆரம்பிச்சது" என்று யாரும் சொல்வதில்லையே, ஏன்? :-)

அமெரிக்காவுக்கு ஏன் போகவேண்டும்? நம் சென்னையிலேயே கதை இருக்கிறது. சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி. 1999 அக்டோபரில் 18 டாலர் விலையில் நாஸ்டாக்கில் பட்டியலானது. நாஸ்டாக்கில் ஏறிய முதல் இந்திய இன்டர்நெட் கம்பெனி. நவம்பரில் இந்தியாவேர்ல்டு என்ற இணையதளக் கம்பெனியை 499 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அந்த இந்தியாவேர்ல்டின் முந்தைய வருஷ வருவாய் சுமார் 1.3 கோடி என்று அப்போது செய்தி வந்தது. வருவாயைப் போல 380 மடங்கு விலை! அதுவும் லாபம் இல்லை, வருவாய்.

2000 பிப்ரவரியில் சிஃபி மறுபடியும் பங்கு விற்றது. இந்த முறை விலை 320 டாலர். நாலு மாதத்தில் 18 மடங்கு. அந்த நாலு மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் இன்டர்நெட் வைத்திருந்தவர்கள் 18 மடங்கு பெருகினார்களா என்ன? 2002 இறுதியில் ஒரு முதலீட்டு நிறுவனம் அதே கம்பெனியில் பங்கு எடுத்தபோது, பழைய அளவுகோலில் விலை 7 டாலருக்கும் குறைவு.

இதில் முக்கியமான விஷயம், சிஃபி ஏமாற்றுக் கம்பெனி இல்லை. இன்றும் டேட்டா சென்டர், நெட்வொர்க் என்று சென்னையிலிருந்து பெரிதாக நடந்துகொண்டிருக்கிறது. இன்டர்நெட்டும் தோற்கவில்லை, ஊரையே விழுங்கிவிட்டது. "இன்டர்நெட்தான் எதிர்காலம்" என்று 2000-இல் சொன்னவர் நூற்றுக்கு நூறு சரி. அதை நம்பி 320 டாலருக்கு வாங்கியவர்தான் போனார். எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தும் பணத்தை இழக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"நஷ்டக் கம்பெனி, தொடாதே!"

எதிர்க்கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. இவர்கள் தங்களைப் பெரிய சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துக்கொள்பவர்கள். பி.இ. விகிதம் பார்ப்பார்கள். லாபமே இல்லாததால் விகிதமும் இல்லை. உடனே தீர்ப்பு, "குப்பை".

காமர்ஸ் படித்தவர்கள் இப்படிச் சொல்லலாமா? கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில் 10 கோடிக்கு மெஷின் வாங்கினால் அது சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்து வருஷா வருஷம் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவுக் கணக்கில் போகும். ஒரு ஆப் கம்பெனி, வாடிக்கையாளரைப் பிடிக்க 10 கோடிக்குக் கூப்பன் கொடுத்தால் முழுசும் அந்த வருஷமே செலவு. பிடித்த வாடிக்கையாளர் ஏழு வருஷம் ஆர்டர் போட்டாலும் சரி, ஏழாம் நாளே ஓடிப்போனாலும் சரி, கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே நஷ்டம் என்ற ஒரு எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு ஆர்டருக்கு நேரடிச் செலவு போக மிச்சம் இருக்கிறதா, கூப்பனை நிறுத்தினால் ஆள் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

லாபம் இருந்தால் மட்டும் பத்திரமா? பாரத் மேட்ரிமோனி நடத்தும் சென்னைக் கம்பெனி மேட்ரிமோனி.காம் 2017 செப்டம்பரில் 985 ரூபாய்க்கு ஐ.பி.ஓ. வந்தது. லாபம் சம்பாதிக்கும் கம்பெனி. எல்லா வீட்டிலும் தெரிந்த பெயர். எட்டு வருஷம் கழித்து 2025-இல் அதன் விலை 985-க்கு வெகு கீழேதான் கிடந்தது. ஏனென்றால் 985 என்பது லாபத்துக்கு மட்டும் போட்ட விலை இல்லை, வளர்ச்சிக்கும் சேர்த்துப் போட்ட விலை. வளர்ச்சி எதிர்பார்த்த அளவு வரவில்லை.

"விலை ஏறிடுச்சே, இப்ப என்ன சொல்றீங்க?"

மேலே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் கட்டாயம் சிரிப்பார். "2021-லயே ஓவர் விலைன்னாங்க. 76-க்கு வாங்கினவன் 2024-ல 300 பாத்துட்டான். பெரிசா கணக்குப் பேச வந்துட்டாங்க!"

நியாயமான கேள்வி. நேராகவே பார்க்கலாம்.

மதிப்பீட்டு உலகில் பெரிய தலை அஸ்வத் தாமோதரன். சென்னை லயோலாவில் பி.காம். படித்தவர் (கவனிக்கவும் பி.காம். மக்களே!), இப்போது நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2021 ஜூலையில் அவர் கணக்குப் போட்டு சொமேட்டோவின் மதிப்பு பங்குக்குச் சுமார் 41 ரூபாய் என்றார். பங்கு 116-இல் தொடங்கியது. நவம்பரில் 169 வரை போனது. "புரொபசருக்கு இந்தியா தெரியலை" என்று கிண்டல். 2022 ஜூலை கடைசியில் விலை இறங்கி 41-க்கும் கீழே வந்தது. இப்போது "புரொபசர் தெய்வம்". 2024 டிசம்பரில் 300-ஐத் தாண்டியது. மறுபடியும் "புரொபசர் அவுட்".

இதில் யார் சரி? விலையை வைத்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் மூன்று முறையும் தப்பு. அவர்கள் கணக்கைப் பார்க்கவே இல்லை, ஸ்கோர் போர்டை மட்டும் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். 2021-இல் விலைபோட்டது முக்கியமாக உணவு டெலிவரி வியாபாரத்துக்கு. 2022 ஜூனில் கம்பெனி பிளிங்கிட்டை வாங்குவதாக அறிவித்தது. சுமார் 4,447 கோடி, ரொக்கமாக இல்லை, புதுப் பங்காக. அன்றைக்கு சந்தை அதைத் திட்டியது. அந்தப் பத்து நிமிட மளிகை வியாபாரம் பிறகு பிடித்துக்கொண்டது. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் பிளிங்கிட்டின் நிகர ஆர்டர் மதிப்பு, உணவு டெலிவரியையே முந்திவிட்டது. கம்பெனிக்கே 2025-இல் எடர்னல் என்று பெயர் மாறிவிட்டது. 76-க்கு வாங்கியவர் எத்தனை பேர் "ஒரு வருஷம் கழித்து மளிகைக் கம்பெனி வாங்குவார்கள், அது ஜெயிக்கும்" என்று கணக்குப் போட்டு வாங்கினார்கள்? கண்ணை மூடிக்கொண்டு உக்கடம் சிக்னலைக் கடந்தவர் உயிரோடு அந்தப்பக்கம் போய்விட்டார் என்பதற்காக அதை ரோடு கடக்கும் முறை என்று சொல்லிக் கொடுக்க முடியுமா?

தாமோதரன் கணக்கின் பெருமை 41 என்ற எண்ணில் இல்லை. சந்தை எவ்வளவு பெரிதாகும், அதில் கம்பெனியின் பங்கு எவ்வளவு, எவ்வளவு மிஞ்சும் என்று ஒவ்வொன்றையும் வெளிப்படையாக எழுதி வைத்தார். எது மாறினால் பதில் மாறும் என்று யாரும் பார்க்கலாம். அது தப்பானால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கலாம். "லாங் டேர்ம்ல நல்லா வரும்ங்க" என்பதில் என்ன கண்டுபிடிப்பது?

தலைகீழ்க் கணக்கு

பங்கின் "உண்மை மதிப்பு" எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வது நமக்கெல்லாம் கஷ்டம். ஆனால் தலைகீழாகக் கேட்பது சுலபம்: இந்த விலை நியாயமாக இருக்கவேண்டும் என்றால் என்னென்ன நடந்தாக வேண்டும்? நாலாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும்.

2024 டிசம்பரில் பங்கு 300 ரூபாய் இருந்தபோது போட்டுப் பார்க்கலாம்.

1. சுமார் 960 கோடி பங்குகள். பெருக்கினால் கம்பெனியின் விலை சுமார் 2.88 லட்சம் கோடி. 2021-இல் 784 கோடி பங்குகள் இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். கேக்கை இன்னும் கூடுதல் துண்டாக வெட்டியிருக்கிறார்கள்.

2. 2024-25 நிதியாண்டில் கம்பெனியின் லாபம் 527 கோடி. அந்த விலை, லாபத்தைப் போல சுமார் 546 மடங்கு.

3. அப்போது ஃபிக்சட் டெபாசிட்டில் தூங்கிக்கொண்டே சுமார் 7 சதவீதம் வந்தது. இவ்வளவு ரிஸ்க் எடுப்பவர் வருஷம் 12 சதவீதமாவது கேட்க வேண்டாமா? பத்து வருஷம் 12 சதவீதம் என்றால் பணம் 3.1 மடங்கு ஆகவேண்டும். அதாவது கம்பெனியின் விலை சுமார் 9 லட்சம் கோடி.

4. பத்து வருஷம் கழித்து வளர்ச்சி நிதானமாகிவிடும். அப்போது நல்ல கம்பெனிக்குத் தருவதுபோல லாபத்தைப் போல 25 மடங்கு தரலாம். 9 லட்சம் கோடியை 25-ஆல் வகுத்தால் வருஷ லாபம் 36 ஆயிரம் கோடி வேண்டும்.

36 ஆயிரம் கோடி! இன்ஃபோசிஸ் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்து 2024-25-இல் பார்த்த லாபம் சுமார் 26,700 கோடி. அதைவிட அதிகமாகச் சம்பாதிக்க வேண்டும். ஒரு ஆர்டருக்கு எல்லாச் செலவும் வரியும் போக 20 ரூபாய் நின்றால், வருஷம் 1,800 கோடி ஆர்டர். ஒரு நாளைக்கு சுமார் 4.9 கோடி ஆர்டர். நடுவில் புதுப் பங்கு எதுவும் வெளியிடாமல்.

நடக்காதா? நடக்கலாம். நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாடு. ஆனால் அந்த 20 ரூபாய் எங்கிருந்து வரும் என்றும் கேட்க வேண்டும். ஹோட்டல்காரரிடம் கமிஷனைக் கூட்டியா? சாப்பிடுபவரிடம் கட்டணத்தைக் கூட்டியா? வெயிலிலும் மழையிலும் பாலத்துக்கு அடியில் நிற்கும் டெலிவரி பையனின் கூலியைப் பிடித்தா? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, இப்படிப்பட்ட கம்பெனிகள் வருடாந்திர விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் அந்தத் தொழிலாளர்களின் நலனுக்குத் தரவேண்டும். கொடுக்க வேண்டிய பணம்தான், சந்தேகமே இல்லை. அதையும் கணக்கில் எழுதுங்கள் என்பதுதான் விஷயம்.

ஆக, 300 ரூபாய்க்கு வாங்குபவர் சொல்ல வேண்டியது "எனக்கு சொமேட்டோ பிடிக்கும்" என்பது இல்லை. "பத்து வருஷத்தில் இந்தக் கம்பெனி இன்றைய இன்ஃபோசிஸை விட அதிகமாகச் சம்பாதிக்கும் என்று நம்புகிறேன்" என்பதுதான். அப்படிச் சத்தமாகச் சொல்லிப் பார்த்து, குரல் நடுங்காமல் இருந்தால் வாங்கட்டும். நடுங்கினால் அவருக்கு அந்த விலை அதிகம். "விலை ஓவரா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இது ஒன்றுதான்.

வாங்காதவருக்கு என்ன?

"எனக்கு ஷேரே வேண்டாம்ப்பா, நான் ஏன் கவலைப்படணும்?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 டிசம்பர் 23 அன்று சொமேட்டோ சென்செக்ஸில் சேர்ந்தது. 2025 மார்ச் கடைசியில் நிஃப்டி 50-இலும் சேர்ந்தது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி, இந்தக் குறியீடுகளைப் பின்பற்றும் இ.டி.எஃப்.களில்தான் போகிறது. அவை கணக்குப் போட்டு வாங்குவதில்லை, குறியீட்டில் இருப்பதால் வாங்குகின்றன. திருப்பூரில் பனியன் தைக்கும் அக்காவின் பி.எஃப். பணத்திலும் ஒரு சிறு துளி இந்த விலைக்குத்தான் வாங்கப்பட்டிருக்கிறது. டிமேட் அக்கவுண்ட் என்றால் என்ன என்றே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

செபிக்கும் இந்த ஆபத்து தெரியும். மூன்று வருஷ லாப வரலாறு இல்லாத கம்பெனி ஐ.பி.ஓ. வந்தால் சில்லறை முதலீட்டாளருக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது, குறைந்தது 75 சதவீதம் பெரிய நிறுவனங்களுக்குப் போகவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பட்டியலான மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அந்த வேலி கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த விலைக்கும் வாங்கலாம்.

கொங்கு நாட்டுக்கு இது புதிதில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். ஈமு என்ற பறவை நிஜம். ஆனால் அதன் விலை, கறி எவ்வளவுக்கு விற்கும், எண்ணெய் எவ்வளவுக்கு விற்கும் என்பதிலிருந்து வரவில்லை. அடுத்து சேருகிற விவசாயி எவ்வளவு கட்டுவார் என்பதிலிருந்து வந்தது. அடுத்த ஆள் வராத அன்று பறவைக்குத் தீவனம் போடக்கூட நாதியில்லை. இன்டர்நெட் கம்பெனிகள் ஈமு பண்ணைகள் இல்லை. இங்கே நிஜ வியாபாரம், தணிக்கை செய்த கணக்கு, கேள்வி கேட்க செபி எல்லாம் உண்டு. ஆனால் வாங்குபவர் "கம்பெனி என்ன சம்பாதிக்கும்?" என்று கேட்காமல் "எனக்கு அடுத்து வாங்குபவன் என்ன தருவான்?" என்று மட்டும் கேட்டால், கம்பெனி நிஜமாக இருந்தாலும் அவர் வாங்கியது ஈமுதான்.

இதே ஊரில் ஒரு செகண்ட் ஹேண்ட் தறி வாங்க மூன்று பேரைக் கூட்டிப்போய் மோட்டாரைத் திறந்து பார்க்கிறார்கள். ஒரு சென்ட் நிலம் வாங்க முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் புத்தியில் பத்தில் ஒரு பங்கைப் பங்கு வாங்கும்போது காட்டினால் போதும். மொத்தக் கம்பெனிக்கு என்ன விலை? அந்த விலைக்கு எவ்வளவு லாபம் வரவேண்டும்? அது யார் பையிலிருந்து வரும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு, பிறகு போன் ஆப்பைத் திறக்கட்டும்.

டிஸ்கி: இது எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பதிவு இல்லை. கால்குலேட்டரை எடுக்கச் சொல்லும் பதிவு. அது எல்லோர் போனிலும் இலவசமாகவே இருக்கிறது :-)